முனிரத்தினம் படித்து முடிக்கும்வரை

கீழ்நெல்லியூர் ஊர்ப்புற நூலகத்தின் சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது ஆனபோது, அதாவது நிஜத்தில் பதினொன்று பத்து ஆனபோது, நூலகர் பூங்காவனம் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, எட்டடி தூரத்தில் நகர்ந்துகொண்டிருந்த ஒரு விரலைப் பார்க்க ஆரம்பித்தாள். கடிகாரம் பத்து நிமிடம் முன்னால் ஓடுவது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். நூலகத்தைப் பகல் பன்னிரண்டுக்கு அடைக்க வேண்டும், பன்னிரண்டு ஐந்துக்கு வீட்டுக்குப் போகும் பஸ், படிக்க வந்தவர்களோ சொன்னதும் எழுந்துவிடுகிற ரகம் இல்லை, ஆகவே கடிகாரத்தைத்தான் கொஞ்சம் முன்னால் தள்ளிவிட வேண்டியிருந்தது. விரல் முனிரத்தினத்தினுடையது. அதன் கீழே இருந்தது மாவட்ட அலுவலகத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கிய எட்டுப் பக்கச் செய்திமடல். அந்தச் செய்திமடலின் கடைசிப் பக்கத்தில்தான் தன் தலையெழுத்து இருக்கிறதென்று பூங்காவனத்துக்கு ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. அலுவலக எழுத்தர் அமிர்தலிங்கம் வழக்கம்போல மூச்சு விடாமல் சொல்லியிருந்தார்: "மேடம், மடல் வந்துச்சுங்களா, கடைசிப் பக்கத்துல ஒரு ஃபாரம் கீது பாருங்க, கோயமுத்தூர்ல அஞ்சு நாள் ட்ரெயினிங், பன்னண்டு மணிக்குள்ள ரொப்பி ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்பிடுங்க, பன்னண்டு ஒண்ணுன்னாகூட ஆகாது, ஒரு லைப்ரரிக்கு ஒரு ஃபாரம்தான், நம்பர் போட்டது, வேற கெடையாது. அம்பது வயசு ஆகியிருக்கக் கூடாது, மூணு வருஷத்துல மெமோ எதுவும் வாங்கியிருக்கக் கூடாது. இத முடிச்சவங்களத்தான் மூணாம் நிலை ப்ரமோஷனுக்கு எடுப்பாங்களாம். தங்கறது, சாப்பாடு எல்லாம் அவங்களே." பூங்காவனத்துக்கு அடுத்த மாதம் நாலாம் தேதி ஐம்பது முடிகிறது. இருபத்துமூன்று வருடமாக ஒரே நாற்காலி, ஒரே நிலை. தங்கறது, சாப்பாடு எல்லாம் அவங்களே.

மடல் எப்படி அவர் கைக்குப் போயிற்று என்று யாரைக் கேட்பது, கொடுத்ததே அவள்தானே. தன் கை செய்த வேலை. வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எந்தக் காகிதத்தையும் அந்தக் கை சும்மா விடாது. முதல் பக்கத்தில் ஒரு முத்திரை, கடைசிப் பக்கத்தில் ஒரு முத்திரை, திருடனுக்குத் தெரியாமல் நடுவில் ரகசியப் பக்கம் என்று ஒன்றில் ஒரு முத்திரை, பிறகு நேரே வாசகர் மேசைக்கு. ஒருமுறை வீட்டு மின்கட்டண அட்டையில்கூட நூலக முத்திரை குத்தி, வீட்டுக்காரர் தயாளன் அதை எடுத்துக்கொண்டுபோய் மின்வாரிய ஆபீஸில் நின்று பேந்தப் பேந்த விழித்துவிட்டு வந்தார். இன்று காலையும் அப்படித்தான், ஒரு கையால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டக் டக் டக் என்று குத்தி, என்னவென்றுகூடப் பார்க்காமல் மேசைமேல் போட்டாள். கடைசிப் பக்கத்தில் படிவம் இருந்ததென்றால் அந்த இரண்டாவது டக் எங்கே விழுந்தது? பெயர் எழுதுகிற இடத்திலா, கையெழுத்திலா? எங்கே விழுந்திருந்தாலும் சரி. அது இப்போது நூலகச் சொத்து. மேசைக்கு வந்துவிட்ட காகிதம் முதலில் எடுத்தவருக்குச் சொந்தம், அவராகக் கீழே வைக்கும்வரை நாட்டை ஆள்பவர் வந்தாலும் காத்திருக்க வேண்டியதுதான். இந்த ஊரில் கோயில் மரியாதையில்கூடச் சண்டை வரும், பேப்பர் வரிசையில் வராது. அந்த வரிசையை உண்டாக்கியதும் அவள்தான். அதுவும் எடுத்தவர் யார்? முனிரத்தினம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் பத்திரங்களை வரி வரியாகப் படித்துச் சரிபார்த்த எழுத்தர். ஓய்வுபெற்ற பிறகும் அந்த விரல் ஓய்வுபெறவில்லை. கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே ஓடை என்று நாலு பக்கமும் படித்துத்தான் ஒரு காகிதத்தை நம்புவார். இரங்கல் விளம்பரத்தை முழுக்கப் படித்து, இறந்தவரின் பேரப்பிள்ளைகளை எண்ணுவார். கடைசியில் அச்சகத்தின் பெயரையும் படித்த பிறகுதான் தாள் கீழே வரும். இன்னொரு குணமும் உண்டு, காலியான கட்டம் எதையும் அவர் கண் பொறுக்காது. பேப்பரில் வருகிற கூப்பன், சோப்புக் கம்பெனிப் போட்டி எல்லாம் நிரப்புவார், ஒருமுறை நூலகத்தின் உறுப்பினர் சேர்க்கைப் படிவம் ஒன்றை ஊரில் இல்லாத ஓர் ஆளின் பெயரில் நிரப்பி வைத்திருந்தார். மடலின் கடைசிப் பக்கம் முழுக்கக் காலிக் கட்டங்கள்.

போய்க் கேட்டால் என்ன, கேட்பதற்கு என்ன, வாய் இருக்கிறதே. ஐயா, அந்த மடலை ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. இவ்வளவுதான். ஆனால் மூன்று வருடம் பதினொரு நாளைக்கு முன்னால் இதே வாய்தான், "ஐயா, அந்த நடுப்பக்கத்த மட்டும் குடுங்களேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டது, வேலைவாய்ப்புச் செய்தி பார்க்க வந்த ஒரு பெண்ணுக்காக.  அவர் பேப்பரை மடித்துக் கொடுத்தார். எழுந்துபோய் ஆலோசனைப் பதிவேட்டை எடுத்தார். இரண்டரைப் பக்கம். "மேற்படி நூலகத்தில், வடபுறச் சன்னலுக்குத் தெற்கிலும், தினசரி மேசைக்குக் கிழக்கிலும் அமர்ந்து வாசித்துக்கொண்டிருந்த என்னிடமிருந்து, மேற்படி நூலகரானவர், வாசிப்பு முடியுமுன்னரே" என்று போனது அது. யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரமே தணிக்கைக்கு வந்தவர்கள் படித்தார்கள். மெமோ வந்தது. விளக்கம் எழுதினாள். அதை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை மார்ஜின் சரியில்லையாம். பேப்பர் கேட்ட அன்றிலிருந்து முனிரத்தினத்துடன் ஒரு வார்த்தை கிடையாது. அவர் வந்தால் தலையை ஆட்டுவாள், அவரும் ஆட்டுவார், போகும்போது மறுபடி ஆட்டுவார்கள். மூன்று வருடம் பதினொரு நாள். அந்த மெமோவுக்கு மூன்று வயது முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருக்கிறது, இன்றைக்குப் போய் அதற்கு ஒரு தம்பியைப் பெற்றுக்கொள்வதா? கடிகாரம் பதினொன்று முப்பத்தொன்று. விரல் இப்போதுதான் இரண்டாம் பக்கத்துக்கு வந்திருந்தது, எங்கோ ஒரு கிளைக்கு யாரோ ஒருவர் மின்விசிறி நன்கொடை தந்த செய்தி. அதில் படிக்க என்ன இருக்கிறது, மின்விசிறி சுற்றும், அவ்வளவுதானே. அவர் அதையே இரண்டாம் தரம் படித்தார்.

அஞ்சு நாள். காலையில் எழுந்தால் பக்கத்தில் அடுப்பு இருக்காது. மணி அடிப்பார்கள், எல்லோரும் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள், யாரோ ஒருவர் கரண்டியால் இட்லியை எடுத்துத் தட்டில் வைப்பார், சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்பார். கேட்பார்.  மூன்றாம் நிலை வேண்டாமென்று இல்லை, வேண்டும், சம்பளமும் வேண்டும், ஆனால் யாராவது தன்னைப் பார்த்து இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா என்று கேட்டு எத்தனை வருடம் இருக்கும்? தயாளனிடம் சொன்னால் முதல் கேள்வி, "அஞ்சு நாளா, அப்ப யாரு சோறாக்கறது?" என்பதாகத்தான் இருக்கும். கெட்ட மனுஷர் இல்லை, மோட்டார் காயில் கட்டுகிறவர், எதையும் கழற்றி மாட்டத் தெரியும், குக்கர் மூடியைத் தவிர. பரவாயில்லை, ஹோட்டல் இருக்கிறது. இன்னொரு பயம்தான் பெரியது. பயிற்சி என்றால் முதல் நாள் சுய அறிமுகம் இருக்கும், போய் வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மைக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வணக்கம், என் பெயர் பூங்காவனம். அதற்கப்புறம்? அதுவே வராதே. இந்த ஊரில் அவளுக்குப் பெயர் லைப்ரரியம்மா. அலுவலகத்துக்கு அவள் கீ.நெ.ஊ.நூ. வீட்டில் தயாளன் கூப்பிடுவது "தோ பாரு." பூங்காவனம் என்கிற பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. சத்தமாகச் சொல்லி எத்தனை காலம் ஆயிற்று. சத்தம் என்பதே பழக்கம் விட்டுப்போயிற்று, தலைக்கு மேலே ‘அமைதி காக்கவும்’ பலகை, அவள் கையாலேயே எழுதியது, இருபத்துமூன்று வருடமாக மற்றவர்களை உஷ் என்று அடக்கி அடக்கித் தானும் அடங்கிப்போனது போலத்தான். இப்போதுகூட ஜன்னல் பக்கம் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற மூன்று பெண்கள் ஏதோ கிசுகிசுக்க, அவள் வாய் அவளைக் கேட்காமலே உஷ் என்றது. வணக்கம், என் பெயர். வணக்கம், எனது பெயர். எனது என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமோ. அட, முதலில் படிவம் வரட்டும்.

பதினொன்று நாற்பது, நிஜத்தில் முப்பது. முனிரத்தினம் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினார், பூங்காவனம் மனதுக்குள் கைதட்டினாள். மூன்றில் பாதி புகைப்படம்தான் என்பது இங்கிருந்தே தெரிந்தது. புகைப்படத்தை எவ்வளவு நேரம் படிக்க முடியும்? முனிரத்தினத்தால் முடியும் என்று அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொண்டாள். ‘இடமிருந்து வலமாக’ என்று போட்டு ஒரு பெயர் வரிசை இருக்கும்போலும். விரல் ஒரு பெயரைத் தொடும், மேலே போய் ஒரு முகத்தைத் தொடும், திரும்பக் கீழே வரும். கடைசியில் போய் நின்றது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி கடைசியில் நின்றது. ஏதோ கணக்கு உதைக்கிறது. ஐயா, அது எவனாவது இருந்துவிட்டுப் போகட்டும், நாலு பேர் நிற்கிற படத்தில் ஒருத்தன் கூடக்குறைய இருந்தால் குடியா முழுகிவிடும்? கைபேசி மேசைமேல் நடுங்கியது. அமிர்தலிங்கம். "மேடம், பதினேழு லைப்ரரில வந்துடுச்சு. உங்களது?" என்று எழுதியிருந்தார். அவள் "இதோ" என்று அனுப்பினாள். பிறகு எழுந்து, எதுவும் நடக்காத முகத்தோடு சுவரோரம் போய் அவர் தலைக்கு மேலிருந்த மின்விசிறியை நிறுத்தினாள். புழுங்கினால் எழுந்து காற்றாடப் போவார் அல்லவா? முனிரத்தினம் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார், செய்திமடலின் மறுபாதியால் விசிறிக்கொண்டே முதல் பாதியைப் படித்தார். ஜன்னல் பெண்களில் ஒருத்தி, "மேடம், ஃபேன்" என்றாள். திரும்பப் போட்டாள். அவமானத்தில் காது சுட்டது. தான் ஒரு வாசகருக்குக் காற்றை நிறுத்திவிட்டோம் என்பது மெமோவைவிடக் கனமாக இருந்தது, இருபத்துமூன்று வருடத்தில் செய்யாத பாவம். திரும்பி வந்து உட்கார்ந்தபோது முனிரத்தினம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து படத்தைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார். தொலைந்தது, கண்டுபிடித்துவிட்டார். முறைத்தது, விசிறியை நிறுத்தியது, எல்லாம் இரண்டரைப் பக்கத்தில் வரும். "மேற்படி விசிறிக்கு நேர்கீழே அமர்ந்திருந்த எனக்கு" என்று ஆரம்பம்கூட அவள் மனதில் ஓடியது. அவசரமாக ஒரு பதிவேட்டைத் திறந்து தலைகீழாக வைத்து எழுதுவதுபோல் பாவனை செய்தாள்.

எவ்வளவு நேரம் அப்படிக் குனிந்திருந்தாளோ. நிமிர்ந்தபோது கடிகாரம் பதினொன்று ஐம்பத்தாறு, அவர் மடலை மொத்தமாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்துக்கு வந்திருந்தார், நாலு ஐந்து ஆறு ஏழு எங்கே போயின என்று அவளுக்குப் புரியவில்லை, வாழ்நாளில் அவர் பக்கம் தாவியதே கிடையாது. முனிரத்தினத்தின் வலது கை சட்டைப் பைக்குப் போனது. பேனா. மூடியைக் கழற்றி மறுமுனையில் செருகினார்.  நிரப்பப்போகிறார். கோயம்புத்தூருக்கு முனிரத்தினம் போகப்போகிறார், வரிசையில் நிற்கப்போகிறார், அவருக்குச் சாம்பார் ஊற்றட்டுமா என்று கேட்கப்போகிறார்கள். முதல் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டாவது கட்டத்தில் எழுத ஆரம்பித்து, கட்டம் கட்டமாகக் கீழே இறங்கினார். போகட்டும், விட்டுவிடலாம், ஐம்பது வயதில் என்ன கோயம்புத்தூர், வீட்டிலேயே இட்லி இருக்கிறது, நாமே அவித்து நாமே வைத்துக்கொள்வதுதானே. இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்த அந்த மனதைக் கேட்காமல் கால் எழுந்துவிட்டது. நாற்காலி சரக்கென்று பின்னால் போனது. எட்டடி. முதல் அடியில் மெமோ, இரண்டாவதில் மார்ஜின், நாலாவதில் தயாளன் வெறும் குக்கரைப் பார்த்து நிற்கிறார், ஆறாவதில் யாரோ மைக்கை நீட்டுகிறார்கள். எட்டாவது அடியில் அவர் மேசைக்கு முன்னால் நின்றாள். 

முனிரத்தினம் நிமிர்ந்தார். "ஒக்காருங்கம்மா. நானே கூப்பிடலாம்னு இருந்தேன். நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

அவள் உட்காரவில்லை. படிவம் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தது. போட்டோ ஒட்டும் இடத்தில் ஊதா நிறத்தில் வட்டமாக நூலக முத்திரை. அதன் கீழே முத்து முத்தான பத்திர எழுத்தில் கட்டங்கள் நிறைந்திருந்தன. பணியிடம்: கீழ்நெல்லியூர் நூலகம், பள்ளிக்கூடத்துக்கு வடக்கு, பால் சொசைட்டிக்கு மேற்கு. பணி அனுபவம்: நான் அறிந்து பதினோரு வருடம், அதற்கு முன் உள்ளதை அவரே சொல்ல வேண்டும். எத்துறையில் பயிற்சி தேவை: நூலகர் நல்லவர், ஆனால் வாசகரிடம் பேசுவதில்லை, அதில் பயிற்சி தரவும்.

"ஐயா, இது எனக்கா ரொப்பறீங்க?" என்றாள். சொன்ன பிறகுதான் மூன்று வருடம் பதினொரு நாள் முடிந்தது என்று உறைத்தது.

"பின்ன, எனக்கா? எனக்கு எழுபத்திரண்டு. விசிறறப்ப கடைசிப் பக்கம் கண்ணுல பட்டுது, பன்னண்டு மணிதான் கடைசின்னு போட்டிருக்கு, நீங்க என்னாடான்னா கணக்கு நோட்ட தலைகீழா வச்சு எழுதினு இருக்கீங்க. ரெண்டு கட்டம் பாக்கி. சாப்பாடு, சைவமா அசைவமா?"

"எதுவா இருந்தாலும் சரி, யாராவது போட்டாப் போதும்."

அவர் அதை அப்படியே எழுதினார். பத்திரத்தில் சொன்னதைச் சொன்னபடி எழுதித்தான் அவருக்குப் பழக்கம். பிறகு மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். போன வருட நூலகர் கூட்டத்தின் படம். "இதுல பதினோரு பேருதான் போட்டிருக்கான், ஆளு பன்னண்டு. நானும் நாலு தரம் எண்ணிட்டேன். இந்தக் கடைசியில, கதவுக்குப் பாதி உள்ள, பாதி வெளிய நிக்கறது நீங்கதான? பேரு உட்டுட்டான் பாருங்க. எனக்கும் தெரியல. பதினோரு வருஷமா வந்துபோறேன், கேக்கல. தப்புதான். உங்க பேரு என்னாம்மா?"

பூங்காவனம் படத்தைப் பார்த்தாள். பாதி முகம், ஒரு கை, அந்தக் கையில் யாருடையதோ குடை. அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று மேலே வந்தது. "பூங்காவனம்" என்றாள்.

"காதுல வுழல."

தலைக்கு மேலே பலகை இருந்தது. அவள் நிமிர்ந்து நின்று, புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, இல்லாத மைக்கைப் பிடித்ததுபோல் ஒரு கையை மார்புக்கு உயர்த்தி, "வணக்கம், எனது பெயர் த. பூங்காவனம், கீழ்நெல்லியூர் நூலகர்" என்று வாசல் வேப்பமரம் வரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஜன்னல் பக்கத்திலிருந்து மூன்று பெண்களும் சேர்ந்து "உஷ்" என்றார்கள்.

அந்த அறையில் அவளை யாராவது அடக்கியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. முனிரத்தினம் பெயரைக் கட்டத்தில் எழுதினார், பிறகு மூன்றாம் பக்கத்துக்குப் போய்ப் பதினோரு பேருக்கு அடுத்து, கதவோரமாகப் பன்னிரண்டாவதாக அதையே எழுதினார். நூலகத்துத் தாளில் கிறுக்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. படிவத்தின் அடியில் கையெழுத்தை மட்டும் அவள் போட்டாள். அப்போதும் அவர் தாளைக் கொடுக்கவில்லை, கீழே பொடி எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் முகவரியையும் விரல் வைத்துப் படித்து முடித்துவிட்டுத்தான் நீட்டினார். அவள் வாங்கும்போது சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

"அடடா, நேரமாயிடுச்சே" என்றார் முனிரத்தினம், நிஜமாகவே வருந்தி.

"இல்லைங்க ஐயா, இன்னும் அஞ்சு நிமிஷம் கீது" என்று சொல்லிவிட்டுப் பூங்காவனம் கைபேசியை எடுத்தாள்.